ஆறாம் ஒழுங்கை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. மானிப்பாயில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் குந்தியிருந்து, எரிந்துபோன தண்ணி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றத் தொடங்கினேன். இன்று அதே இடத்தில் மூன்று மாடிக் கடை நிற்கிறது. மேலே என் பெயர்ப் பலகை. இணுவிலில் இருந்து கொழும்புத்துறை வரை என் கை படாத மோட்டர் குறைவு. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தைக் கேட்டாலே போதும், உள்ளே பெயரிங் தேய்ந்திருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்று சொல்லிவிடுவேன்.

மோட்டருக்குப் பிறகு கமராவும் பூட்டப் பழகிக்கொண்டேன். வாளோடு மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றை உடைக்கிற பொடியள் பெருத்த காலத்தில் ஊரெல்லாம் கமரா கேட்டது. பெட்டியைப் பிரித்து, பூட்டி, பிழைத்தால் திரும்பக் கழற்றி, நானாகவே படித்துக்கொண்டேன். அந்த நாட்களில் கமராவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், என் மனைவியின் தம்பி கட்டிய மாடி வீடு. அவளுக்கு உடன்பிறந்தது அவன் ஒருவன்தான். தாய் போன பிறகு அவனைத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது இவள். இளந்தாரியாகக் கனடாவுக்குப் போனவன் அங்கிருந்துகொண்டே அந்த வீட்டைக் கட்டினான். காசு அவனுடையது, வெயிலில் நின்று கட்டுவித்தது நான். கோயிலுக்குத் தேர்க் கொட்டகையும் கட்டிக் கொடுத்தான். அதற்காக ஒருமுறை வந்தபோது தலையில் பரிவட்டம் கட்டி, மேளதாளத்தோடு வீடுவரை கூட்டி வந்துவிட்டார்கள். ஒழுங்கை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. என் மனைவி அன்று அழுதழுது சிரித்தாள்.

அவனுக்கு ஆறு என்றால் உயிர். கொழும்பில் எண் சாத்திரம் பார்க்கிற ஒருவர் சொல்லிவிட்டாராம். கார் நம்பரைக் கூட்டினால் ஆறு. ஃபோன் நம்பரைக் கூட்டினால் ஆறு. அத்திவாரம் போட்டது ஆறாம் திகதி. படிக்கட்டுக்குப் பதினைந்து படிதான் வைக்கவேண்டும், ஒன்றும் ஐந்தும் ஆறாம். படி அளவாக வராமல் மேசன்மார் பட்ட பாட்டை நான் அறிவேன்.

அந்த வீட்டுக்கும் ஆறு கமரா. நாலு வெளியே, இரண்டு உள்ளே: கீழ் ஹோலில் ஒன்று, மேல் ஹோலில் ஒன்று. “அணில் வந்தாலும் தெரியாமல் வரேலாது மச்சான்” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். பொய்யில்லை. கேற், இரண்டு பக்க மதில், கிணற்றடி, ஒரு முழம் இடம் விடவில்லை. ஒழுங்கைக்கு மேலால் வயர் இழுத்து, என் வீட்டில் கமராப் படம் வந்து சேர்கிற பெட்டியோடு இணைத்தேன். என் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே அந்த வீட்டை முழுக்கப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் மனைவியும் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு போவோம். ஆள் இல்லாத வீடென்றாலும் வெள்ளி விளக்கில்லாமல் இருட்டாகக் கிடக்கக்கூடாது. அவள் சாமியறையில் விளக்கேற்றுவாள், நான் யன்னல்களைத் திறந்து காற்று விடுவேன். அவன் பின்னேரங்களில் ஃபோன் எடுப்பான். அங்கே அப்போது விடியப்புறம். “அத்தான், கேற் பூட்டித்தானே கிடக்கு?” என்பான். “ஓமடாப்பா” என்பேன். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் விடியற்காலையில் கரண்ட் நின்றது. திரும்ப வந்தபோது உள் கமரா இரண்டும் இல்லை. பெட்டியில் நாலு படம்தான் வந்தது. மற்ற இரண்டு கட்டமும் கறுப்பு. அன்று பின்னேரம் அவனிடம் சொன்னேன்.

“உள்ளுக்கை ரண்டும் படுத்திட்டுது மச்சான். நாளைக்கு ஏறிப் பாக்கிறன்.”

“வேண்டாம் அத்தான். இடிமின்னலிலை போயிருக்கும்.”

“தை மாசத்திலை எங்கையடா இடிமின்னல்?”

“கரண்ட் கூடிக் குறைஞ்சிருக்கும். விடுங்கோவன். அடுத்தமுறை வரேக்கை நல்ல சாமானாக் கொண்டாறன்.”

அவன் குரலில் ஒரு அவசரம் இருந்தது. வேலைக்குப் போகிற அவசரமாக்கும் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனபோது படியேறிப் பார்த்தேன். மேல் மாடிக் கதவு திறக்கவில்லை. அதை நான் பூட்டுவதே இல்லை. ஈரத்தில் மரம் ஊதி இறுகியிருக்கும் என்று தோளால் தள்ளினேன். அசையவில்லை. கீழே மனைவி சாமியறையில் நின்று கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, போன கிழமை நான் எரிச்ச திரியோ இது?”

“அதுக்கென்ன?”

“நான் போட்டது பஞ்சுத்திரி. இது வேட்டித் துணியிலை திரிச்சது.”

“உமக்கு வயசு போட்டுது” என்று பகிடி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. அந்தத் திரியை விரலால் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.

பிறகு மோட்டர். ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்திருக்கிறேன், எதிர் வீட்டு மோட்டர் ஓடுகிறது. அது என் கையால் இறக்கிப் பூட்டிய மோட்டர். தொடங்கும்போது இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் ஓடும். அந்த இருமலைக் கேட்டேன். கமராவைப் பார்த்தால் கேற் பூட்டியபடி, கிணற்றடியில் ஒரு காகம்கூட இல்லை. கையைக் கழுவிவிட்டுத் திறப்போடு ஓடினேன். நான் உள்ளே போக மோட்டர் நின்றுவிட்டது. அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். நல்ல சூடு.

ஹோலில் நின்று “ஆரது?” என்று கேட்டேன். என் குரல்தான் படிக்கட்டால் ஏறிப்போய்த் திரும்பி வந்தது. படிக்குக் கீழே கமரா வயர்கள் வந்து சேர்கிற சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் பச்சை லைற்றுகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அதை அப்போது நான் எண்ணவில்லை, கண்ணில் மட்டும் பட்டது. ஆனால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற வீட்டுக்கு ஒரு பாரம் இருக்கும். அது என் முதுகில் இருந்தது. பயந்து வந்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

“மோட்டர் தானா ஓடுதடா” என்று அவனிடம் சொன்னேன்.

“சுவிச் பிழைச்சிருக்கும் அத்தான்” என்றான்.

எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது.

அடுத்து வந்த புதன்கிழமை பின்னேரம் அவன் ஃபோன் எடுத்தான். “இஞ்சை சரியான பனி அத்தான். கதவு திறக்கேலாமல் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பேக்கரிப் பாண் விற்கிறவனின் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. அந்த ஓட்டோ போடுகிற பாட்டு ஊருக்கே தெரிந்ததுதான். என் இடது காதில் ஒழுங்கைப் பக்கத்தால் பாட்டுக் கேட்கிறது. வலது காதில் ஃபோன். அதற்குள்ளும் அதே பாட்டு, ஒரு கணம் பிந்திக் கேட்கிறது. என் வீட்டுச் சத்தம் திரும்பி வருகிறதாக்கும் என்று ஃபோனைக் கையால் பொத்தினேன். அப்போதும் கேட்டது.

“வைக்கட்டே அத்தான்?” என்றான். “அக்காவை நல்லாப் பாருங்கோ.”

இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

என் மருமகள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள். அவளை உடனே கூப்பிட்டு மேசையில் இருத்தி, லப்டொப்பைத் திறக்கச் சொன்னேன். நான் எனக்குத் தெரிந்த மாதிரித் ‘தேடு’ என்கிற பொத்தானை அமத்தினேன். நாலு கமரா வந்தது. திரும்பவும் அமத்தினேன். நாலு.

“மாமா, எத்தினை தரம் அமத்தினாலும் உது தன்ரை ஒழுங்கைக்குள்ளை மட்டும்தான் கூப்பிடும்” என்றாள்.

“என்ன ஒழுங்கை?”

அவள் விளங்கப்படுத்தினாள். ஒவ்வொரு கமராவுக்கும் புள்ளி போட்ட நாலு எண்கள், அதுதான் விலாசம். முதல் இரண்டும் ஊர்ப் பெயர் மாதிரி. மூன்றாவது ஒழுங்கை. நாலாவது வீட்டு நம்பர். தேடுகிற பொத்தான் ஒரே ஒழுங்கையில் இருக்கிறவர்களைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடும். வேறு ஒழுங்கையில் இருக்கிறவருக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்காது. அவர் உயிரோடு, கரண்டோடு, அதே வயரில் இருப்பார். ஆனால் முழு விலாசத்தையும் கையால் எழுதிப் போனால்தான் கதவு திறக்கும்.

“அப்ப அந்த ரண்டும் சாகேல்லை எண்டுறீரோ?”

“படிக்குக் கீழை பெட்டியிலை எத்தினை லைற் மினுங்கினது?”

கண்ணை மூடி எண்ணிப் பார்த்தேன். ஆறு.

“அப்ப சாகேல்லை மாமா. ஆரோ நம்பரை மாத்தி வேறை ஒழுங்கையிலை குடியிருத்தியிருக்கினம்.”

“எந்த ஒழுங்கை?”

“அதுதானே. இருநூற்றைம்பது ஒழுங்கைக்கு மேலை இருக்கு. எதெண்டு தேடுறது?”

எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளே இருக்கிறது யார் என்றும் அதே கணத்தில் தெரிந்துவிட்டது. கள்ளன் இருபது எண்ணை யோசிப்பான். ஒரு எண்ணுக்காகப் படிக்கட்டை மாற்றிக் கட்டியவன், ஒளிக்கும்போதும் அந்த எண்ணுக்குள்தான் ஒளிப்பான்.

“ஆறைப் போடும் பிள்ளை.”

“நாலாவது?”

உள் கமராக்களுக்கு அவனுடைய விருப்பத்துக்காகப் பதினைந்து, இருபத்துநாலு என்று நானே கொடுத்திருந்தேன். எதைக் கூட்டினாலும் ஆறு. அவற்றை அவன் மாற்றியிருக்கமாட்டான். மருமகள் முதலில் லப்டொப்புக்கும் ஆறாம் ஒழுங்கையில் ஒரு நம்பர் கொடுத்தாள். அங்கே நமக்கும் ஒரு வீடு இருந்தால்தான் மற்ற வீட்டுக் கதவைத் தட்டலாமாம். பிறகு விலாசத்தை எழுதி அமத்தினாள். வட்டம் சுற்றியது. கடவுச்சொல் கேட்டது. நான் வைத்த சொல்தான். மாற்றவில்லை.

முதலில் கீழ் ஹோல். சாமியறைக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு முன்னால் ஒரு பாய். அதில் மடித்த பட்டு வேட்டி, சட்டை, கைக்கடிகாரம், மோதிரம், சங்கிலி, பாஸ்போட். எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பரிவட்டத் துணி.

அடுத்தது மேல் ஹோல். என் மச்சான் தரையில் இருந்தான். தாடி முகத்தை மூடி வளர்ந்திருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. தலை முழுகி, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால், ஹோலின் நடுவில், ஒரு கதிரை தனியாக நின்றது. முன்னால் அவனுடைய லப்டொப். அதில் நாலு கட்டம். நாலும் நான் பூட்டிய வெளிக் கமராக்கள். ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டுக் கேற் தெரிந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழும்பி ஓடப்போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, நில்லுங்கோ! நீங்கள் எங்கடை கேற்றைத் திறந்தாலே அவர் காண்பார். அங்கை போய்ப் பூட்டுத் திறந்து படியேறுறதுக்குள்ளை...”

அணில் வந்தாலும் தெரியாமல் வரேலாது. அந்த வீட்டுக்கு மறைவாகப் போக ஒரு வழி இருக்கிறதா என்று மதில் மதிலாக யோசித்தேன். இல்லை. அவ்வளவு திறமாகப் பூட்டியிருந்தேன். என் வாழ்க்கையில் என் வேலை ஒன்று கொஞ்சம் பிழைத்திருக்கக்கூடாதா என்று ஏங்கியது அந்த ஒரு நேரம்தான்.

குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மனைவி பின்னால் வந்து நின்றதை நாங்கள் காணவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். அலறுவாள் என்று நினைத்தேன். திருவலையைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

“என்ரை தம்பி எதிர் வீட்டிலையோ இருக்கிறான்?”

“ஓம்.”

“எப்ப தொட்டு?”

“கமரா போன நாள் தொட்டு.”

அவள் கையைக் கழுவினாள். சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பூத்தட்டையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் எடுக்கிற அதே தட்டு. “நான் விளக்கு வைக்கப் போறன். வெள்ளி வெள்ளி போறதை அவன் பாத்துப் பழகினவன். ஓடிப் போனாத்தானே பயப்படுவான். நீங்கள் அவனோடை கதைச்சுக்கொண்டிருங்கோ” என்றாள்.

“இண்டைக்குப் புதனெல்லே!”

“கார்த்திகை எண்டு சொல்லுங்கோ.”

கார்த்திகை விரதம் மாதாமாதம் வரும், எந்தக் கிழமையிலும் வரும். அன்று கார்த்திகை இல்லை. முருகன் மன்னிப்பான்.

அவனுக்கு ஃபோன் அடித்தேன். திரையில் அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். தரையில் கிடந்த ஃபோனை ஒரு பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே போனது. எடுக்கமாட்டான் என்று நினைத்தபோது குனிந்து எடுத்தான்.

“ஹலோ அத்தான்... என்ன திரும்பவும்? நான் வேலைக்கு வெளிக்கிடுறன். பனியிலை கார் ஸ்ராட் வருகுதில்லை.”

குரல் முதலில் வந்தது. படம் பிந்தி வந்தது. பனி என்ற சொல்லை நான் கேட்டு முடித்த பிறகு, திரையில் அவன் உதடு அந்தச் சொல்லைச் சொன்னது. வேர்வை அவன் விபூதியைக் கரைத்து இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்டுமில்லை மச்சான். இண்டைக்குக் கார்த்திகை. அக்கா விளக்கு வைக்கப் போறா. கமராவிலை ஆளைக் கண்டு நீ யோசிக்கப்படாது எண்டுதான் எடுத்தனான்.”

அவன் லப்டொப்பை நோக்கிக் குனிந்தான். என் மனைவி ஒழுங்கையைக் கடந்துகொண்டிருந்தாள். வழக்கமான நடை. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் திறப்பு.

“இண்டைக்கு வேண்டாம் அத்தான். நாளைக்கு வரச் சொல்லுங்கோ.”

“நாளைக்குக் கார்த்திகை இல்லையேடா.”

“அத்தான், வேண்டாம். சொன்னாக் கேளுங்கோ. அக்காவைத் திருப்பிக் கூப்பிடுங்கோ!”

“அவ ஃபோனை வைச்சிட்டுப் போட்டா. உன்ரை அக்காவை ஆர் திருப்புறது? கலியாணம் கட்டின நாள் தொட்டு நானே திருப்பினதில்லை.”

திரையில் அவன் எழும்பினான். கதிரையைப் பார்த்தான். படிக்கட்டைப் பார்த்தான். திரும்பவும் கதிரையை. ஃபோன் அவன் காதில்தான் இருந்தது. நான் வாய் ஓயாமல் கதைத்தேன். கடையில் வந்து இறங்கிய மோட்டர், அது சீன மோட்டரானாலும் நான் தட்டிப் பார்த்து எடுத்தது, கோயிலில் தேருக்கு ஆண்டுக்கு ஒருக்கால் அச்சு மாற்றுகிற கதை... என்ன கதைத்தேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் “ம்” கொட்டினான். அந்த “ம்” வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அவள் கீழ் ஹோலுக்குள் வந்தாள். சாமியறை வாசலில் நின்றாள். பாயில் இருந்ததையெல்லாம் பார்த்தாள். குனிந்து, எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு எண்ணெய் விட்டாள், திரியைத் தூண்டினாள். பிறகு குசினிக்குள் போய் ஒரு பானையோடு வெளியே வந்தாள். படிக்கட்டின் அடியில் நின்று, மேலே பார்த்து ஏதோ சொன்னாள். கமராவுக்குக் காது இல்லை. என் ஃபோனுக்குள்ளால், தூரத்தில், அவள் குரல் கேட்டது. அவன் காதில் வைத்திருந்த ஃபோன் அதைப் பிடித்திருக்கிறது.

“தம்பி, புட்டு அவிக்கவோ, இடியப்பம் பிழியவோ?”

அவன் நின்றான். மருமகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். பிறகு அவன் ஃபோனை வைக்கவும் மறந்து, மேல் மாடிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தான். முதற் படியில் இறங்கி அதிலேயே குந்திவிட்டான். கமராவில் அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் அப்போதுதான் ஓடினேன்.

கனடாவில் குடும்பம் பிரிந்து, வேலையும் போய், ஒரு பையோடு வந்திருக்கிறான். கம்பனியில் பெரிய உத்தியோகம் என்று சொன்னது, ஒரு கடைத்தொகுதியில் கமராத் திரைகளுக்கு முன்னால் இருந்து காவல் பார்க்கிற வேலை. அதனால்தான் ஒழுங்கை மாற்றத் தெரிந்திருக்கிறது. அன்று கரண்ட் நின்றபோது மதிலேறி, தன்னிடம் இருந்த பின்கதவுத் திறப்பால் உள்ளே வந்தவன், இரண்டு நாளில் வெளியே வருவம் என்றுதான் நினைத்தானாம். மேளத்தோடு வந்த வாசலால் வெறுங்கையோடு எப்படி வருகிறது என்று தெரியாமல் உள்ளேயே இருந்துவிட்டான். பிஸ்கட்டும் மாவும் முடிந்த நாள்தான் அந்தப் புதன்கிழமை.

எங்கள் வீட்டுக்கு வா என்றோம். மாட்டேன் என்றான். அந்த வீட்டிலேயே இருக்கிறான். என் கடைக்கு வருகிறான், சில நாள் வரமாட்டான். ஊர் முதலில் வாய் கிழியக் கதைத்தது, இப்போது குறைத்துவிட்டது. என் மனைவி மூன்று நேரமும் சாப்பாட்டோடு ஒழுங்கையைக் கடக்கிறாள். உள் கமராக்களைக் கழற்றவா என்று கேட்டேன். “அது கிடக்கட்டும் அத்தான்” என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. காலையில் தேத்தண்ணிக்கு முதல் லப்டொப்பைத் திறந்து ஆறாம் ஒழுங்கைக்குப் போவேன். படம் வருகிறதற்கு முதல் அந்த வட்டம் சுற்றுகிற நேரம் இருக்கிறதே, அதைவிட நீளமான நேரத்தை நான் அறியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

“அத்தான், எந்த நம்பரிலை என்னைப் பிடிச்சனீங்கள்?”

“ஆறு” என்றேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியும் இருப்பேன். “உன்னை எனக்குத் தெரியாதோடா?”

அவன் சிரித்தான். வந்த பிறகு சிரித்தது அன்றுதான். என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஆறாம் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகளைக் கூப்பிடவில்லை, மனைவிக்குச் சொல்லவில்லை, செருப்பும் போடாமல் ஒழுங்கையைக் கடந்தேன். அவன் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தான். என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கமராவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முறை எந்த எண்ணுக்குப் போயிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அதை அவனை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆறை விட்டவன் எதையும் விடுவான்.

இப்போது காலையில் நான் லப்டொப்பைத் திறப்பதில்லை. நடந்து போகிறேன். அவன் கேற்றுக்கு முன்னால், நான் பூட்டிய கமராவுக்கு நேர் கீழே நிற்பேன். வெளிக் கமரா நாலும் இன்னும் பழைய ஒழுங்கையில்தான் இருக்கின்றன. நான் வந்து நிற்பது உள்ளே அவனுக்குத் தெரியும். கூப்பிடமாட்டேன். முகத்தைத் தூக்கிக் கமராவைப் பார்த்தபடி, அவன் படியிறங்கி வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்பேன். பதினைந்து படி. சில காலைகளில் முதற் படி கேட்கக் கனக்க நேரம் எடுக்கிறது.